செல்ஃபை இறக்காமலேயே கோளாறைப் பிடிச்ச கடை: பாகூர், கன்னியக்கோயில் ரோடு

பாகூர்ல இருந்து கன்னியக்கோயில் போற ரோட்டுல இருக்குற ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இது. பாகூர், கடலூர் பக்கம் டிராக்டர் வச்சிருக்கிறவங்க தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதுறேன்.

எங்களோடது 45 எச்.பி. வண்டி. சம்பாவுக்குச் சேடை ஓட்டுற சமயம் பார்த்து செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுத்திவிட்டு ஸ்டார்ட் பண்ற மோட்டார், எடுக்காமப் போச்சு. சாவியைத் திருப்பினா 'டக்'குனு ஒரு சத்தம், அதோட நின்னுடும். திருப்பத் திருப்ப எப்பவாவது ஒரு தடவை சுத்தும். டிரைவர் தம்பி ராத்திரி ஏரிக்கரைச் சரிவுல நிறுத்தி வச்சு, காலையில உருட்டி கியர் போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டு இருந்தான். வேற ஒரு இடத்துல காட்டினோம். ஹெட்லைட்டைப் போட்டு செல்ஃப் அடிச்சுப் பார்த்தாங்க, லைட் மங்குச்சு. உடனே பேட்டரி போச்சு, செல்ஃபையும் இறக்கி உள்ள சுத்துற ஆர்மேச்சரைப் பார்க்கணும்னு சொல்லிட்டாங்க. பேட்டரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல.

இந்தக் கடை அண்ணன் முதல்ல கையில எடுத்தது வோல்ட் பார்க்குற மீட்டர். வண்டி நிக்கும்போது பேட்டரியில 12.6 வோல்ட். அது முழு சார்ஜ். அடுத்து தம்பியை சாவியைத் திருப்பச் சொல்லிட்டு, மீட்டர் ஒயர் நுனியில இருக்குற ரெண்டு முள்ளையும் பேட்டரியோட ரெண்டு முனையிலயும் வச்சுப் பிடிச்சாரு. லைட் மங்குது, ஆனா மீட்டர் 11.8ல நிக்குது! என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. "செத்த பேட்டரியா இருந்தா இது 9க்குக் கீழ விழுந்திருக்கணும் அண்ணே. போர்ல தண்ணி இருக்கு, நடுவுல பைப்பு அடைச்சிருக்கு"ன்னாரு.

அதுக்கப்புறம் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: வழியில எங்க எவ்வளவு வோல்ட் வீணாகுதுன்னு பார்த்தாரு. மீட்டரோட ஒரு முள் பேட்டரி பிளஸ்ல, இன்னொன்னு செல்ஃபோட மெயின் போல்ட்டுல. சாவியைத் திருப்பினா அரை வோல்ட்டுக்கும் கீழ. அந்தப் பக்கம் சுத்தம். இப்போ ஒரு முள் பேட்டரி மைனஸ்ல, இன்னொன்னு செல்ஃப் பாடியில. 4 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. அங்க கால் வோல்ட் தாண்டினாலே தப்பாம். முள்ளை ஒவ்வொரு இடமா நகர்த்தி, பேட்டரி மைனஸை வண்டியோட இரும்போட இணைக்குற எர்த் கேபிள் சேஸிஸ்ல மாட்டுற போல்ட்டுக்கு வந்து நின்னாரு. கழட்டினா லக்குக்கு, அதாவது கேபிள் நுனி வளையத்துக்கு, அடியில பச்சையும் வெள்ளையுமாப் பொடி, அதுக்குக் கீழ பெயிண்டு. சேத்துத் தண்ணி, உப்புக்காத்து ரெண்டும் சேர்ந்து தின்னுருக்கு. லைட்டுக்கும் அதே எர்த்துதான், அதனாலதான் பேட்டரி நல்லா இருந்தும் லைட் மங்குச்சு.

பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சாரு. லக்கு அழுத்தின புது தடி கேபிள், ஸ்டார் வாஷர், மேல வாசலின். பேட்டரியில கை வைக்கும்போது மைனஸை முதல்ல கழட்டி, கடைசியாத்தான் மாட்டினாரு. ஸ்பானர் பாடியில பட்டாலும் பொறி வராது. ஒரே திருப்பு, இன்ஜின் பிடிச்சுக்கிச்சு. டைனமோ சார்ஜையும் பார்த்து 14.1 வருதுன்னு உறுதி பண்ணிட்டுத்தான் அனுப்பினாரு. முன்னாடி காட்டின இடத்துல செல்ஃபுக்குக் கேட்ட தொகையில கால்வாசிகூட ஆகல.

இன்னொன்னையும் சொல்லியே ஆகணும். கிளட்ச்சை மிதிச்சாத்தான் செல்ஃப் எடுக்க விடுற கிளட்ச் சுவிட்ச் அப்பப்போ தொல்லை பண்ணுது, அதை விட்டுட்டு ஒயரை டைரக்ட் பண்ணிக் கொடுத்துடுங்கண்ணேன்னு தம்பி கேட்டான். முடியாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாரு. கீழ நின்னுக்கிட்டு ஸ்க்ரூடிரைவரால செல்ஃபை ஷார்ட் பண்றதும் அதே ஆபத்துதான்: கியர்ல இருந்தா வண்டி கிளம்பி, பின் சக்கரத்துக்குப் பக்கத்துல நிக்கிற ஆள் மேலயே ஏறும். சுவிட்ச் விலை ஒரு உயிருக்கு முன்னாடி பெருசா? பக்கத்துல உட்கார்ந்து அந்தப் பையனுக்குப் பொறுமையா எடுத்துச் சொன்ன அந்த அக்கறைக்காகவே நான் இந்தக் கடையைச் சொல்லுவேன்.

குறைன்னா, ஆள் ஒருத்தர்தான். நடவு நேரத்துல ரொம்ப நேரம் காத்துக் கிடக்கணும், நிழலும் கிடையாது. வயலுக்கு வரமாட்டாரு. கேபிளுக்கு பில் கேட்டேன், துண்டுச் சீட்டுலதான் எழுதிக் கொடுத்தாரு. அதைச் சரி பண்ணிக்கணும்.

போறவங்க செல்ஃபையோ பேட்டரியையோ தனியாக் கழட்டி எடுத்துட்டுப் போகாதீங்க. உருட்டி ஸ்டார்ட் பண்ணியாவது வண்டியோட போங்க. எல்லாம் மாட்டியிருந்தாத்தான் இந்தச் சோதனை எதையும் செய்ய முடியும். காலையில கடை திறக்கும்போதே போயிட்டா வரிசை கம்மி.