இளநீரா, உப்பு மோரா?

பாண்டியிலிருந்து மரக்காணம் வரை சைக்கிள் பந்தயப் பயிற்சிக்குப் போனால், திரும்பும்போதுதான் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வழியில் எதைக் குடிப்பது?

இளநீர் சாலையோரத்திலேயே கிடைக்கும், வயிற்றுக்கும் இதம். ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம். வியர்வையில் நாம் பெரிதும் இழப்பதோ சோடியம். சட்டையில் வெள்ளையாகப் பூக்கிறதே, அந்த உப்புதான். அதனால் 2 மணி நேரத்துக்கு மேல் மிதித்தால் என் ஓட்டு உப்புப் போட்ட நீர்மோருக்கு. மே மாத வெயிலில் மட்டும் அது பாட்டிலிலேயே புளித்துத் தொலைக்கும், அன்றைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல்.

எதைக் குடித்தாலும் சில நாள் பிடிக்கத்தான் செய்யும். பழகாத வேகத்தில் மிதித்துத் தசை களைப்பதும் ஒரு காரணம். சரி, பிடித்துவிட்டதா? இறங்கி, காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மெல்ல இழுங்கள். மோர் அப்புறம்.