விராலுக்குத் தவளை லூர்: ஆறு வருடம் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது

எங்கள் ஊர் வீராணம் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. இங்கே விராலுக்கு உயிர்த் தவளையை முள்ளில் கோத்து, நீண்ட மூங்கில் கழியால் ஆகாயத்தாமரை இடுக்கில் தட்டித் தட்டிப் பிடிப்பார்கள். நானும் அப்படித்தான் பழகினேன். தவளை முள்ளில் கிடந்து துடிப்பதைப் பார்க்க மனம் ஒப்பாமல் 2019இல் முதல் ரப்பர் தவளையை, அதாவது லூர் என்கிற செயற்கை இரையை, வாங்கினேன். அதற்கப்புறம் முப்பதுக்கு மேல் வாங்கியாயிற்று. இன்றைக்குப் பெட்டியில் இருப்பது ஐந்தே ஐந்து.

முதல் இரண்டு வருடம் நிறத்தைப் பார்த்து வாங்கினேன். முதுகில் புள்ளி, பக்கத்தில் மஞ்சள் கோடு, பளபளக்கும் கண் என்று நிஜத் தவளை மாதிரியே இருந்தால் எடுத்துவிடுவேன். விரால் தவளையைக் கீழே இருந்து பார்க்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கரிய உருவம் நகர்வதுதான் அதற்குத் தெரியும். முதுகில் தீட்டிய ஓவியம் முழுக்க நம் கண்ணுக்குத்தான். நான் அதிகம் மீன் எடுத்த தவளையில் பெயின்ட் எல்லாம் உரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது ஒரு கறுப்பும் ஒரு மஞ்சளும் போதும் என்று நினைக்கிறேன். மஞ்சள்கூட, பாசிமேல் தவளை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிவதற்காகத்தான்.

நிறத்தைவிட நூறு மடங்கு முக்கியம் உடம்பின் மென்மை. உள்ளே காற்று நிரம்பிய இந்தத் தவளைகளில் இரட்டை முள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால்தான் தாமரை இலை, கோரை எதிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கினால்தான் முள் முனை வெளியே வரும். ரப்பர் தடிப்பாக இருந்தால் விரால் எவ்வளவு ஆவேசமாக அடித்தாலும் தவளை வாயிலிருந்து சோப்பு மாதிரி நழுவிவிடும். கடையில் கையில் எடுத்ததும் இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். முனை உடனே தலைகாட்ட வேண்டும். பலமாக அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது முள். ஆன்லைனில் 400 ரூபாய்க்கு ஐந்து தவளை என்று ஒரு செட் வாங்கினேன். பத்து வீச்சுக்குள் உடம்பில் தண்ணீர் ஏறி வால் பக்கம் அமிழ்ந்தது. அதையாவது பிழிந்துவிட்டுப் போட்டுவிடலாம், உள்ளே காற்றுள்ள எல்லாத் தவளையிலும் கொஞ்சம் தண்ணீர் ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரு நல்ல கனமான மீன் கோரைக்குள் இழுத்துக்கொண்டு போனபோது முள்ளே நிமிர்ந்துவிட்டது. தவளை மட்டும் திரும்பி வந்ததைப் பார்த்து அன்றைக்குக் கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் ஒரு தவளை 350 ரூபாய்க்குக் குறையாமல்தான் வாங்குகிறேன். தடித்த கம்பியில் செய்த முள், நூல் கட்டும் முள்ளின் கண்ணைச் சுற்றி உடம்பு இறுக்கமாகப் பிடித்திருப்பது, இந்த இரண்டையும் பார்ப்பேன். முனைகளைக் குறடால் ஒரு இம்மி வெளிப்பக்கம் திறந்துவிட்டால் தவறும் அடிகள் நன்றாகவே குறைகின்றன.

அளவு என்று கேட்டால், வாய்க்காலுக்கும் சின்னக் குளத்துக்கும் நாலரை சென்டிமீட்டர், எட்டு கிராம். அரைக்கிலோ மீன்கூட முழுதாகக் கவ்வும். அறுபது மில்லிமீட்டர் தவளையை அகலமான குளத்தில் தூரம் வீச மட்டும் எடுப்பேன்.

தாய்லாந்துப் பாணி ஜம்ப் ஃபிராக்கையும் மூன்று வருடம் வைத்திருந்தேன். கெட்டியான உடம்பு, பின்னால் சுழலும் சின்னத் தகடு. அல்லி இலை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் தண்ணீரில் அருமையான பொருள். உடம்பு அமுங்க வேண்டிய அவசியம் இல்லாததால் முள் சட்டென்று ஏறுகிறது. அடர்ந்த பாசியில் தகடு நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுவிடுவதால் எங்கள் குளங்களுக்கு ஒத்துவரவில்லை. பாப்பர், பென்சில் என்கிற மற்ற லூர் வகைகள் எல்லாம் திறந்த தண்ணீருக்கு. மூன்று முனை முள்ளோடு அவற்றை ஆகாயத்தாமரைப் பக்கம் வீசவே கூடாது.

எவ்வளவு நல்ல தவளை வாங்கினாலும் சாதாரண நைலான் நரம்பில் கட்டினால் பணம் வீண். நரம்பு இழுபடும், விராலின் எலும்பு வாயில் முள் இறங்காது. நான் 40 எல்பி (பவுண்டு) இழுவை தாங்கும் பிரெய்ட் என்கிற பின்னல் நூல், கொஞ்சம் விறைப்பான ராடு வைத்திருக்கிறேன். அப்புறம், தண்ணீர் வெடித்த சத்தத்தில் உடனே இழுக்காதீர்கள். தவளை கண்ணிலிருந்து மறைந்து, நூலில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள். எனக்கு இது கைவர ஒரு வருடம் ஆனது.

எங்கே வீசுவது? விராலுக்கு மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். பாசி நடுவில் ஒரு சின்ன வளையம் எழும்பி அடங்கினால் அதற்கு நாலடி தாண்டி வீசி, அந்த இடத்தைக் கடக்கும்படி இழுத்துவாருங்கள். வளையத்தின் தலைமேலேயே போட்டால் மீன் மிரண்டு ஓடிவிடும். குளத்தின் மீன் உரிமையை ஏலத்தில் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதும் நல்லது. நான் கேட்ட யாரும் மறுத்ததில்லை.

மழைக்காலத்தில் செங்காவி நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்துக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் தவளை பக்கத்தில் வந்தாலே அடிக்கும், பசியால் இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. எப்படிப்பட்ட லூரிலும் விழும் என்பதால் அதற்கென்றே தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றவை போய்விட்டால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. போன ஐப்பசியில் ஒரு வீச்சு தெரியாமல் அப்படி ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. தவளையை அசைக்காமல் அப்படியே விட்டேன். செங்காவிக் கூட்டம் மெல்ல நகர்ந்து கோரைக்குள் நுழைந்த பிறகுதான் நூலைச் சுற்றினேன்.