ரயில் நிலையக் கார் பார்க்கில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள்

இங்கிலாந்தின் சிறு சந்தை ஊர்களில் ரயில் நிலையம் வரை கார் ஓட்டிப் போய், வண்டியை அங்கே விட்டுவிட்டு ரயில் ஏறுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கட்டணப் பலகையில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டாதீர்கள். பலகை எவ்வளவு புதிதாக இருந்தாலும் வேண்டாம். ஒரு நாள் வண்டி நிறுத்தியதற்கு என்னிடம் இரண்டு தரப்பு பணம் கேட்டது. ஒருவன் திருடன். மற்றது அந்தக் கார் பார்க்கை நடத்தும் நிறுவனம். இதில் எனக்கு அதிக அலைச்சல் கொடுத்தது திருடன் அல்ல.

ஊர் பெயர் சொல்லவில்லை; இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. சந்தை நாளில் ஊர் நடுவே உள்ள கவுன்சில் கார் பார்க் காலையிலேயே நிறைந்துவிடும். சில ஊர்களில் சந்தைக் கடைகள் போடுவதே கார் நிறுத்தும் சதுக்கத்தில்தான். நிலையமோ பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். யார்க்‌ஷயரில் தர்ஸ்க் போன்ற ஊரில் சந்தைச் சதுக்கத்துக்கும் நிலையத்துக்கும் ஒரு மைலுக்கு மேல். சுற்றியுள்ள கிராமங்களில் இருப்பவர்களுக்குக் காலை ரயிலுக்கு ஏற்ற பேருந்து கிடையாது. ஆகவே பழைய சரக்கு யார்டாக இருந்து கார் பார்க்காக மாறிய அந்த இடத்தில்தான் வண்டியை விட்டாக வேண்டும். நமக்கு வேறு வழியில்லை என்பது மோசடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று பணம் போடும் மெஷின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள். பக்கத்துப் பலகையில் பார்க்கிங் கட்டணம் கட்டும் ஆப்பின் பெயர், இட எண், அதன் கீழ் ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்ததும் வந்த பக்கத்தில் அதே லோகோ, அதே நிறம். வண்டி எண், எத்தனை மணி நேரம், கார்டு விவரம் எல்லாம் கேட்டது. ஒரு நாள் கட்டணமும் பலகையில் உள்ளபடியே சரியாக இருந்தது. வங்கியிலிருந்து ஓடிபி வந்தது, போட்டேன், ‘நன்றி’ என்று காட்டியது. ரயில் வந்துவிட்டது.

அந்த ஓடிபி பார்க்கிங் கட்டணத்துக்கானது அல்ல. என் கார்டை வேறு யாருடைய போனிலோ இருக்கும் டிஜிட்டல் பர்சில் சேர்ப்பதற்கானது. குறுஞ்செய்தியின் இரண்டாவது வரியில் அது இருக்கிறது. போன் திரையில் மேலே வந்து மறையும் அறிவிப்பில் எண் மட்டும்தான் தெரியும். மாலைக்குள் இரண்டு பெரிய கடைகளில் என் கார்டில் பொருள் வாங்கிவிட்டார்கள். அடுத்த நாள் ‘உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு’ என்று ஒருவர் மிகவும் பணிவாக அழைத்து, மீதிப் பணத்தைப் ‘பாதுகாப்பான கணக்குக்கு’ மாற்றச் சொன்னார். இப்படியொரு அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிட்டு 159 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பெரும்பாலான வங்கிகளை அந்த எண்ணே நேராக இணைத்துவிடும். நான் அதைத்தான் செய்தேன். கடைகளில் போன பணத்தை வங்கி கொஞ்சம் இழுத்தடித்துத் திருப்பிக் கொடுத்தது. நாம் அனுமதிக்காத கார்டு பரிவர்த்தனைக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதிமுறைகள் இருக்கின்றன, கேட்கத் தயங்காதீர்கள்.

எல்லோருக்கும் இந்த அளவோடு போவதில்லை. 2023இல் வடகிழக்கு இங்கிலாந்தின் தார்னபி நிலையக் கார் பார்க்கில் இதே போன்ற போலி கியூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்த 71 வயதுப் பெண்மணி ஒருவர் 13,000 பவுண்டு வரை இழந்தார். அவரையும் வங்கி பேசுவதுபோல் அழைத்துத்தான் ஏமாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த ரயில் நிறுவனம் தன் கார் பார்க்குகளில் கியூஆர் கோடுகளையே எடுத்துவிட்டது. மற்றவர்கள் ஏன் எடுக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

நான் ஊர் திரும்பிய மாலையில் டிக்கெட் கவுண்டர் மூடியிருந்தது. பல சிறு நிலையங்களில் மதியத்துக்கு மேல் ஆளே கிடையாது. உதவிப் பொத்தானை அழுத்திச் சொன்னேன், குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் போனபோதும் அதே ஸ்டிக்கர் அதே இடத்தில் இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு நானே உரித்தேன். அடியில் உண்மையான கோடு இருந்தது. ரயில் நிறுவனத்துக்கு எழுதினால், கார் பார்க்கை ஒப்பந்தக்காரர் நடத்துகிறார் என்றார்கள். ஒப்பந்தக்காரருக்கு எழுதினால், பலகை ரயில் நிறுவனத்துடையது என்றார்கள்.

அதே ஒப்பந்தக்காரரிடமிருந்து பிறகு கடிதம் வந்தது. கேமராவில் வண்டி பதிவாகியிருக்கிறது, கட்டணம் வரவில்லை, 100 பவுண்டு கட்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. என் முகவரியை ஓட்டுநர், வாகன உரிம அலுவலகமான டிவிஎல்ஏவிடமிருந்து 2.50 பவுண்டு கொடுத்து வாங்கியிருப்பார்கள். அவ்வளவு எளிது.

இந்தக் கடிதம் வந்தால் பயந்து கட்டிவிடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அனுப்பியது யார் என்று முதலில் பாருங்கள். கவுன்சில் அனுப்பினால் அது சட்டப்படியான அபராதம். தனியார் நிறுவனம் அனுப்பினால், ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று அவர்கள் அனுப்பும் பில். ரயில்வே துணைவிதிகளின், அதாவது ரயில்வே இடங்களுக்கென்றே உள்ள விதிகளின், பெயரில் வரும் நோட்டீஸ் மூன்றாவது வகை. அதில் மேஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தனியார் பில்லில் ஓட்டுநர் யார் என்று தெரியாவிட்டால் வண்டியின் பதிவுதாரரைப் பிடிக்க 2012ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் துணைவிதிகள் பொருந்தும் ரயில்வே நிலத்துக்கு அந்த வழி கிடையாது. எனக்கு இது உதவவில்லை, பணம் கட்டிய ஆள் நான்தான் என்று சொன்னால்தானே என் கதையே நிற்கும். உங்களில் சிலருக்கு உதவும்.

ஏமாற்றப்பட்டதற்கான வங்கிக் கடிதம், போலீஸ் புகார் எண், ஸ்டிக்கரின் போட்டோ, மெஷின் உறையின் போட்டோ எல்லாம் வைத்து நிறுவனத்திடம் முறையிட்டேன். நிராகரித்தார்கள். சரியான முறையில் கட்டணம் செலுத்துவது ஓட்டுநரின் பொறுப்பாம். தங்கள் பலகையில் திருடன் கடை விரித்ததைப் பார்க்காத நிறுவனம் இதைச் சொல்கிறது. வயதானவர்கள், ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் 100 பவுண்டைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் தெருவிலேயே ஓர் அம்மா அப்படிக் கட்டியிருக்கிறார். கேட்டபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

நான் பாப்லா என்ற சுயாதீன மேல்முறையீட்டு அமைப்புக்குப் போனேன். நமக்குச் செலவு எதுவும் இல்லை. ஒரே வாதம்தான் வைத்தேன்: மெஷினை மூடி வைத்து, போன் வழியாக மட்டும் கட்டச் சொன்ன நிறுவனம், அந்தப் பலகையைப் பாதுகாக்கவும் கடமைப்பட்டது. பார்க்கிங் நிறுவனத்தார் எதிர்வாதம் செய்யவே இல்லை. பில்லை ரத்து செய்தார்கள். மன்னிப்பு எதுவும் வரவில்லை.

இப்போது நான் செய்வது: ஆப்பை வீட்டிலேயே, போனின் ஆப் ஸ்டோரிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். பலகையில் உள்ள இட எண்ணை ஆப்பில் என் கையால் அடித்து, திரையில் வரும் நிலையத்தின் பெயரைப் பார்த்த பிறகுதான் கட்டுகிறேன். கூகுளில் தேடவும் வேண்டாம், மேலே விளம்பரமாக வரும் போலித் தளங்கள் மாதச் சந்தாவில் மாட்டிவிடுகின்றன. சிக்னல் இல்லையென்றால் பலகையையும் மெஷினையும் நேரம் தெரிய போட்டோ எடுத்து வையுங்கள்.

நிறுவனத்திடம் முறையீடு செய்ய 28 நாள் அவகாசம் உண்டு. நிராகரிப்புக் கடிதத்தில் பாப்லாவுக்கான ஒரு குறியீட்டு எண் இருக்கும், அதற்கும் 28 நாள்தான். பார்க்கிங் நிறுவனங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உண்டு; உங்கள் நிறுவனம் வேறு சங்கத்தில் இருந்தால் மேல்முறையீட்டு அமைப்பின் பெயர் மாறும். எதற்குப் போக வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். எண்ணைத் தொலைத்துவிட்டால் பாப்லாவின் தளம் மேல்முறையீட்டை ஏற்காது. கடிதம் வந்த அன்றே அதைப் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.