கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோடிங் பழக: எந்தக் கருவி, எந்தப் பாடம்?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. "வெப்சைட், ஆப் எல்லாம் செய்யப் பழகணும்ங்ண்ணா, எதுல ஆரம்பிக்கிறது?" கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இதற்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: கோயமுத்தூரில் ஏதாவது கோர்ஸில் சேர்ந்துவிடு. ஃபீஸ் கட்டும் முன், காசில்லாமல் கிடைப்பவற்றில் எது நமக்குச் சரிப்படும் என்று பார்த்துவிடுவது நல்லது. பெருநகரத்துப் பிள்ளைகளுக்கு எழுதிய ஒப்பீடுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் கையில் இருக்கும் லேப்டாப் வேறு, நாம் படித்த பள்ளியும் வேறு.

முதலில் வெப்பா, மொபைலா? ஃபோனில்தான் எல்லாம் நடக்கிறது, அதனால் ஆப்தான் முதலில் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் வெப் பக்கம்தான் நிற்பேன். காரணம் லேப்டாப். ஆண்ட்ராய்டு ஆப்புகளுக்கான அதிகாரபூர்வக் கருவி ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. அதை எமுலேட்டரோடு (கணினிக்குள்ளேயே ஓடும் போலி ஃபோன்) சேர்த்து ஓட்ட கூகுள் கேட்கும் ராம் 16 ஜிபி. வீட்டில் இருப்பது 4 ஜிபி பழைய லேப்டாப் என்றால் கற்பதைவிடக் காத்திருப்பதுதான் அதிகமாகும். வெப் பக்கம் செய்ய வேண்டிய எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றுக்கும் ஒரு பிரவுசரும், நிரல் எழுத ஒரு எடிட்டரும் போதும்.

வெப் என்றால் ஃபோனில் ஓட்டிப் பார்க்க முடியாது என்பதும் இல்லை. லேப்டாப்பை ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, பக்கம் இருக்கும் ஃபோல்டரில் பைதான் மொழியோடு வரும் எச்டிடிபி சர்வரை (ஃபோல்டரில் இருப்பதை மற்ற கருவிகளின் பிரவுசருக்குக் கொடுப்பது) ஒரு வரிக் கட்டளையில் ஓட விடுங்கள். ஃபோன் பிரவுசரில் லேப்டாப்பின் ஐபி எண்ணும் 8000 என்ற போர்ட்டும் கொடுத்தால், எழுதிய பக்கம் ஃபோனில் திறக்கும். எழுத்து எறும்பு அளவில் தெரிந்தால் பக்கத்தை ஃபோன் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். தேங்காய் பறிக்கும் கூலியைக் கணக்குப் போடும் சின்னப் பக்கம் ஒன்றைச் செய்து, அதை அப்பா தன் ஃபோனில் தட்டிப் பார்க்கிறார் என்றால் அடுத்த பாடத்துக்கு யாரும் தள்ள வேண்டியதில்லை.

ஆப்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு வழிகள் நாலு. கோட்லின் மொழியும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் முதல் வழி. 2019 முதல் கூகுள் கோட்லினுக்குத்தான் முதலிடம் தருகிறது; ஆண்ட்ராய்டு வேலைதான் குறி என்றால் கடைசியில் இங்கே வந்தே ஆக வேண்டும். ஃபிளட்டர் இரண்டாவது, 2018 டிசம்பரில் முதல் நிலைப் பதிப்பு வந்தது. ஒரே நிரலில் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் செய்யலாம், திரையும் அழகாக வரும். ஆனால் அதற்கென்று டார்ட் என்ற மொழியைப் புதிதாகக் கற்க வேண்டும். மூன்றாவது ரியாக்ட் நேட்டிவ். இதில் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட், அதாவது வெப்புக்காகப் படித்தது வீண்போகாது. அதற்குத் துணையான எக்ஸ்போ என்ற கருவித்தொகுப்போடு தொடங்கினால் எமுலேட்டரே வேண்டாம். ஃபோனில் எக்ஸ்போ கோ ஆப்பைப் போட்டு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் நம் ஆப் ஓடும். லேப்டாப் சுமார் என்றால் நான் சொல்வது இதைத்தான், அதுவும் ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் கை வந்த பிறகு.

நாலாவது, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தரும் ஆப் இன்வென்டர். பிரவுசரிலேயே பிளாக்குகளை இழுத்துப் பொருத்தி ஆப் செய்வது. கேரளப் பள்ளிகளின் ஐடி கிளப்பான லிட்டில் கைட்ஸில் இருந்த பிள்ளைகள் இதைப் பள்ளியிலேயே தொட்டிருப்பார்கள். இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. நிகழ்வு, மாறி, நிபந்தனை எல்லாம் இதில் கண்ணுக்குத் தெரிகிறபடி புரிந்துவிடுகிறது. வேலைக்கு இது மட்டும் போதாது, அவ்வளவுதான்.

எந்த வழியானாலும் எமுலேட்டருக்குப் பதில் சொந்த ஃபோனையே பயன்படுத்துங்கள். செட்டிங்ஸில் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை (கேபிள் வழியே லேப்டாப் ஃபோனில் ஆப்பை ஓட்ட விடும் வசதி) ஆன் செய்தால் போதும்.

எடிட்டரைப் பற்றி அதிகம் சண்டை போட ஒன்றுமில்லை. விஎஸ் கோட் இலவசம், எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அதுதான் இருக்கும். லேப்டாப் திணறினால் ஜியானி என்ற இலகுவான எடிட்டர். லேப்டாப்பே இல்லை என்றால் ஆண்ட்ராய்டு ஃபோனில் ஏகோட் என்ற எடிட்டர் ஆப்பைப் போட்டு எச்டிஎம்எல் வரை தாராளமாகப் பழகலாம்.

இனி பாடங்கள். இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதை அவர்களே கவனிப்பதில்லை. இலவச வெப் பாடங்களில் பெரிய போட்டி ஃப்ரீகோட்கேம்ப்புக்கும் ஓடின் ப்ராஜெக்ட்டுக்கும் இடையில். ஃப்ரீகோட்கேம்ப்பில் எதையும் நிறுவ வேண்டாம். பிரவுசரில் ஒரு பக்கம் பாடம், ஒரு பக்கம் நீங்கள் எழுதும் நிரல். சரியா தவறா என்று உடனே சோதித்துச் சொல்லும். முடித்தால் சான்றிதழும் இலவசம். குறை என்னவென்றால், படிப்படியாகக் கைபிடித்துக் கூட்டிப்போவதால், நூறு பாடம் முடித்தவரிடம் வெறும் ஃபைல் ஒன்றைத் திறந்து கொடுத்தால் முதல் வரி என்ன என்று தயங்குவார்.

ஓடின் ப்ராஜெக்ட் நேர்மாறு. எடுத்த எடுப்பிலேயே உங்கள் கணினியில் எல்லாவற்றையும் நிறுவச் சொல்லும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைப் பழகச் சொல்லும், இதைப் படி அதைப் படி என்று வெளியே அனுப்பும். பிறகு கால்குலேட்டர் செய் என்று விட்டுவிடும். விடை தராது, சான்றிதழும் கிடையாது. இதில் பலர் தடுக்கி விழும் இடம், விண்டோஸில் நேரடியாகச் செய்ய முடியாது, லினக்ஸோ மேக்கோ வேண்டும் என்பது. விண்டோஸுக்குள் லினக்ஸை வைத்துக்கொள்வது என்றாலும் அது ஒரு தனி வேலை. பலரும் இதிலேயே வாரக்கணக்கில் சிக்கிக்கொள்வார்கள்.

ஆனால் கேரளப் பாடத்திட்டத்தில், தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் சேர்த்து, பள்ளிக் கணினி என்றாலே லினக்ஸ்தான். பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் கேரள அரசு நிறுவனமான கைட் தருவது, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். எஸ்எஸ்எல்சிக்கு ஐடி செய்முறைத் தேர்வு எழுதியதே அதில்தான். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் படம் வரைந்ததும், பைதானில் நாலு வரி எழுதியதும் அதில்தான். அந்தப் பழக்கத்தைக் கல்லூரிக்குப் போனதும் கைவிட்டு, விண்டோஸுக்கு மாறி, மறுபடி லினக்ஸ் கஷ்டம் என்று சொல்வது எனக்குப் பெரிய வருத்தம். பழைய லேப்டாப்பில் லினக்ஸைப் போடுங்கள், ராமும் மிச்சமாகும். முதல் மாதம் ஃப்ரீகோட்கேம்ப், அப்புறம் ஓடின் என்று போவது நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட எளிது.

ஆங்கிலம் உறுத்தினால்? தமிழ் யூடியூப் பாடங்கள் ஏராளம். இங்கே மலையாளமும் காதில் ஏறும் என்பதால் அதையும் சேர்த்தால் தேர்வு இரட்டிப்பு. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ், பைதான் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. குறு வீடியோவை நிறுத்தி நிறுத்தி, பக்கத்திலேயே செய்து பார்க்கும்படி அமைத்தவை. கணியம் தளத்தில் எச்டிஎம்எல் முதற்கொண்டு எளிய தமிழில் மின்னூல்கள் இலவசம். கருத்து புரிவதற்கு இவை போதும். ஆனால் பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தான் வரும், அதைத் தேடினால் கிடைக்கும் விடையும் ஆங்கிலத்தில்தான். ஆகவே தினமும் எம்டிஎன்னில் (மொசில்லாவின் வெப் ஆவணத் தளம்) ஒரு பக்கமாவது படித்துப் பழகுங்கள். டபிள்யூ3ஸ்கூல்ஸ் எளிதாக இருக்கும், சட்டென்று ஒன்றைப் பார்க்க நல்லது. ஆழமும் நம்பகமும் எம்டிஎன்னில்தான். ஏஐயிடம் நிரலை எழுதித் தரச் சொல்வதற்குப் பதில், பிழைச்செய்தியை ஒட்டி "இதற்கு என்ன அர்த்தம், தமிழில் சொல்" என்று கேளுங்கள். அதைவிட நல்ல பயன் ஆரம்பத்தில் அதற்கு இல்லை.

தமிழில் செயலி செய்ய நினைப்பவர்கள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 'தமிழ்' என்ற சொல்லின் லெங்த் (நீளம்) கேட்டால் 3 வராது, 5 வரும். 'மி'யின் இகரக் குறியையும் 'ழ்'இன் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. நாம் எண்ணுவதுபோல் 3 வேண்டுமென்றால் இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதியைப் பிடிக்க வேண்டும். பெயர்ப் பெட்டிக்கு எழுத்து வரம்பு வைக்கும் ஆங்கிலப் பாடங்கள் பெரும்பாலும் இதை எச்சரிப்பதில்லை.

செய்ததை வெளியிடும் செலவையும் ஒப்பிட்டுவிடுங்கள். வெப் பக்கத்தை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் பேஜஸ் வசதியில் காசில்லாமல் ஏற்றலாம், அன்றே லிங்க் அனுப்பலாம். பிளே ஸ்டோரில் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர்கள் 12 பேரை வைத்து 14 நாள் சோதித்தும் காட்ட வேண்டும். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர்.

இத்தனைக்கும் பிறகு கோயமுத்தூர் கோர்ஸ் வேண்டாமா என்றால், சிலருக்கு வேண்டும். உட்கார்ந்து கற்க இடமும் கேட்க ஆளும் இல்லாதவர்களுக்கு அது உதவும். சேரும் முன் முந்தைய பேட்ச் மாணவர்களின் கிட்ஹப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாரிடமும் ஒரே புராஜெக்ட், ஒரே நிரல் என்றால் வெளியே வந்துவிடுங்கள். அந்த ஃபீஸில் ஒரு பங்கு போதும், லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் போட.