25 வெள்ளி க்ரூகராண்ட், அதில் 22 செம்பு

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கேட்க நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது "வெள்ளி க்ரூகராண்ட், குழாயோடு, வாட் இல்லாமல்" என்று போட்டால் (க்ரூகராண்ட் இந்த ஊர் முதலீட்டுக் காசு, குழாய் அதை அடுக்கி வைப்பது, வாட் விற்பனை வரி), குழாயைக் கவிழ்த்து அத்தனை காசையும் வெளியே கொட்டிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். 12,500 ராண்ட். இருபத்தைந்து காசில் மூன்று வெள்ளி. மீதி இருபத்திரண்டும் வெள்ளி முலாம் பூசிய செம்பு.

இத்தனைக்கும் நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை செய்கிறவன். தினமும் கையில் வெர்னியர் என்ற அளவுகருவியைப் பிடிப்பவன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

இது நடந்தது 2023 ஜூலையில். அந்த வருஷ ஆரம்பத்திலிருந்து ராண்ட் இறங்கியிருந்தது, ஊருக்கு அனுப்புகிற பணம் சுருங்கியது. ஏதாவது உலோகமாக வாங்கி வைக்கலாம் என்று தோன்றியது. ஒரு அவுன்ஸ் தங்க க்ரூகராண்ட் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியாது. வெள்ளிதான் நம் கைக்கு எட்டும். தங்க க்ரூகராண்ட் 1967-இல் வந்தது. அதன் ஐம்பதாவது ஆண்டுக்காக 2017-இல்தான் முதன்முதலாக வெள்ளியில் அடித்தார்கள். அதே பழைய அதிபர் க்ரூகரின் தாடி, பின்னால் அதே ஸ்பிரிங்பாக் மான், ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி. இந்த அவுன்ஸ் மளிகைக்கடை அவுன்ஸ் இல்லை, 31.1 கிராம். (யாராவது உங்களிடம் "1985 வெள்ளி க்ரூகராண்ட், அபூர்வம்" என்று நீட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அப்படி ஒன்று கிடையாது.)

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதுதான் தூண்டில். தென்னாப்பிரிக்காவில் தங்க க்ரூகராண்டுக்கு வாட் இல்லை. வெள்ளிக்கு 15 சதவீதம் முழுசாக உண்டு. கடையில் வாங்கினால் வெள்ளி விலை, அதற்கு மேல் கடைக்காரர் லாபம், அதற்கும் மேல் வாட். நாம் திருப்பி விற்கப் போனால் அதே கடைக்காரர் வெள்ளி விலையை ஒட்டித்தான் கொடுப்பார், கட்டிய வாட் கட்டியதுதான். ஆகவே வெள்ளிக்காசு வாங்க நினைக்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் "தனி ஆளிடம் வாங்கினால் வாட் மிச்சமாச்சே" என்ற இடத்துக்கு வந்து நிற்பார்கள். நானும் வந்து நின்றேன். அங்கே, குழுவில் அந்த விளம்பரம் போட்டவன் காத்திருந்தான்.

அப்போது வெள்ளி விலை அவுன்ஸுக்குச் சுமார் 440 ராண்ட். கடைகளில் காசு ஒன்று அறுநூறை ஒட்டிச் சொன்னார்கள். அவன் 500 கேட்டான். இதைக் கவனியுங்கள். 300 என்று சொல்லியிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். வெள்ளி விலைக்கு மேலே, கடை விலைக்குக் கீழே, நியாயமாகத் தோன்றுகிற இடத்தில் சரியாகக் கொண்டுபோய் வைத்தான். பேரம் பேசியபோது ஒரு ராண்ட்கூட இறங்கவில்லை. "அண்ணா, எனக்கே நஷ்டம், பொண்ணு யுனிவர்சிட்டி ஃபீஸ்" என்றான்.

ஆம், தமிழில்தான் சொன்னான். 1860-இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை இங்கே இருக்கிறது. கோயில், காவடி, புரட்டாசி எல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது, ஆனால் வீட்டுப் பேச்சு இங்கிலீஷாகி எவ்வளவோ காலமாயிற்று. அப்படிப்பட்ட ஊரில் முகம் தெரியாத ஒருவன் போனை எடுத்ததும் "வணக்கம் அண்ணா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் பாதி மனசு அங்கேயே இளகிவிடுகிறது. அவன் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. அந்தத் தடுமாற்றமே நடிப்போ என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அது என் வயிற்றெரிச்சலாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் ஆறரைக்கு, சாட்ஸ்வொர்த்தில் ஒரு பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) கடை வாசலுக்கு வரச் சொன்னான். ஜூலையில் இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அன்றைக்கு அந்தப் பகுதிக்கு லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, ஆறு மணிக்கு. அட்டவணை அப்போது எல்லோர் போனிலும் இருந்தது, அவன் போனிலும் இருந்திருக்கும். தெரு முழுக்க இருட்டு, கடைக்குள் ஜெனரேட்டர் சத்தம். அவன் காரின் பானெட் மேல் ஒரு நீலத் துணியை விரித்து, குழாயின் மூடியைத் திறந்து, மேலிருந்து மூன்று காசை எடுத்து வைத்தான். நான் கொண்டுபோயிருந்த சட்டைப்பை தராசில் வைத்தேன். 31.11. அடுத்தது 31.10. அடுத்ததும் அப்படியே. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. போன் வெளிச்சத்தில் க்ரூகரின் தாடி மயிர் மயிராகத் தெரிந்தது.

"மத்ததையும் பாக்கணுமா அண்ணா? பாருங்க, பாருங்க" என்று அவனே சொன்னான். சொல்லிக்கொண்டே தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். இருட்டில், பையில் பணத்தோடு சாட்ஸ்வொர்த் தெருவில் நிற்கிற எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. வேண்டாம் என்றேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மூன்று காசையும் உள்ளே போட்டு, மூடியை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டிக் கொடுத்தான். மூடி முழுசாக இறங்கவில்லை. விரல் நகம் அகலத்துக்கு மேலேயே நின்றது. காசு சிந்தாமல் இருக்க டேப் போடுகிறான், நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சமையல் தராசில் குழாயிலிருந்த காசுகளை மொத்தமாக வைத்தேன். 777 கிராம். இருபத்தைந்து அவுன்ஸுக்கு எவ்வளவு வரவேண்டுமோ அவ்வளவு. நிம்மதியாகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆறு மாதம் அது அங்கேயே இருந்தது. மறு ஜனவரி, தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு என் மனைவி சொன்னாள், "ஏங்க, முருகனுக்கு வெள்ளி வேல் சாத்துறேன்னு வேண்டியிருக்கேன். அந்தக் காசுல ஒண்ணைக் கொடுத்துச் செஞ்சா ஆகாதா?" காசை உருக்குவதா என்று திட்ட வருகிறவர்கள் வரிசையில் நில்லுங்கள், ஆனால் அவள் வேண்டுதல்தான் என் கண்ணைத் திறந்தது. குழாயைக் கவிழ்த்து அடியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு கிரே ஸ்ட்ரீட் பக்கம் போனோம். தெருவுக்குப் பெயர் மாறி வருஷக்கணக்காகிறது, எங்களுக்கு இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான்.

நகைவேலை செய்கிற பெரியவர் காசை வாங்கி விரல் நுனியில் நிறுத்தி, முகத்தைப் பார்க்காமல் ஓரத்தையே பார்த்தார். "கரை தடியா இருக்கே தம்பி" என்றார். எனக்குப் புரியவில்லை. அரம் எடுத்தார். "அங்கிள், அது இன்வெஸ்ட்மென்ட் காசு" என்று நான் வாயெடுப்பதற்குள் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். வெள்ளைக்குள்ளே மயிரிழை அளவுக்குச் சிவப்பு. அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார், பச்சையாக நுரைத்தது. செம்பு பல்லிளித்துவிட்டது. "காப்பர், தம்பி. நல்ல காப்பர்" என்றார் ஆறுதலாக. வேல் செய்ய வெள்ளி அவரிடமே வாங்கினோம். அதற்கும் வாட் கட்டினேன்.

அன்றைக்கு ராத்திரி வெர்னியரோடு உட்கார்ந்தேன். குறுக்களவு இரண்டுக்கும் ஒன்றே. கனம் மட்டும் போலியில் 0.4 மில்லிமீட்டர் கூட. இருபத்திரண்டு காசுக்குக் கணக்குப் போடுங்கள், கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். அதுதான் மூடி இறங்காத அந்த விரல் நகம். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளி 10.49 கிராம், செம்பு 8.96 கிராம்தான். அதே எடையைச் செம்பில் கொண்டுவர வேண்டுமானால் எங்காவது பருமனைக் கூட்டியே ஆகவேண்டும். குறுக்களவைக் கூட்டினால் கண்ணுக்குத் தெரியும், ஆகவே கனத்தைக் கூட்டியிருக்கிறார்கள். தராசு பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

காந்தமும் அப்படித்தான். செம்பு காந்தத்தில் ஒட்டாது. கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் வலுவான காந்தத்தைச் சாய்வாக வைத்து, அது காசின்மேல் மெதுவாக வழுக்குகிறதா என்று பார்ப்பார்கள். மின்சாரம் நன்றாகக் கடத்துகிற எந்த உலோகத்திலும் அது மெதுவாகத்தான் வழுக்கும், செம்பு அதில் வெள்ளிக்கு அடுத்த படியில் நிற்கிறது. காசின்மேல் ஐஸ்கட்டி வைத்தால் மளமளவென்று உருகும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, வெப்பம் கடத்துவதிலும் செம்பு வெள்ளியின் பக்கத்து வீடு. என் இருபத்திரண்டு செம்பிலும் ஐஸ் அழகாக உருகியது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தச் செம்பிடம் ஏமாறாத சோதனை ஒன்று உண்டு, செலவும் அதிகமில்லை. 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியும் பக்கமும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், நூல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். காசு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அதைத் தராசு காட்டும். என்னுடைய நல்ல காசு 2.97 காட்டியது. செம்பு 3.46. ஒரு காசுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இருட்டில் பானெட் மேல் இதைச் செய்ய முடியாது என்பது உண்மைதான். அப்படியானால் இருட்டில் பானெட் மேல் வாங்கவும் கூடாது.

வெளிநாட்டுக் காசுகளையும் இதே ஆட்கள் கொண்டுவருகிறார்கள், அதனால் இரண்டு வார்த்தை. கனடாவின் மேப்பிள் லீஃபில் 2014 முதல் இலைக்குப் பக்கத்தில் லேசரால் பொறித்த ஒரு குட்டி இலை உண்டு. அதற்குள் அந்த வருஷத்தின் கடைசி இரண்டு எண், பூதக்கண்ணாடி வேண்டும். பிரிட்டனின் பிரிட்டானியாவில் 2021 முதல் காசைச் சாய்த்தால் அதிலுள்ள குட்டிப் பூட்டுப் படம் சூலமாக மாறும். அமெரிக்க ஈகிள் 1986-க்கு முன்னால் கிடையாது. 2021-இன் நடுவில் வடிவம் மாறியதிலிருந்து அதன் ஓரப் பற்களில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு பல்லை விட்டிருப்பார்கள். வியன்னா பில்ஹார்மோனிக்கின் வெள்ளிக்காசுக்கு ஓரத்தில் பற்களே இல்லை, வழவழப்பு. போன வருஷம் உம்லாஸில் ஒருவர் எனக்குப் பல் வைத்த பில்ஹார்மோனிக் காட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாவம், அவரும் யாரிடமோ ஏமாந்தவராக இருக்கலாம். மேப்பிள் லீஃபில், அதுவும் பழைய வருஷத்துக் காசுகளில், பால் சிந்தியதுபோல் வெள்ளைத் திட்டு வருவதுண்டு. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆலையிலிருந்து வந்த நல்ல காசிலேயே வருவதுதான். என்னுடைய போலிகளில் ஒரு திட்டுக்கூட இல்லை, பளபளவென்று இருந்தன.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். வாக்குமூலம் எழுதினார்கள், கேஸ் நம்பர் போனுக்கு வந்தது. ரசீது உண்டா என்றார்கள். இல்லை. வங்கி வழியாகக் கொடுத்தீர்களா? இல்லை, கையில். கார் நம்பர்? இருட்டு. எழுதிக்கொண்டிருந்த அதிகாரி ஒரு கட்டத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. இரண்டு போலிகளை வைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். அவன் போன் நம்பர் அன்றைக்கே செத்துவிட்டது, இன்றுவரை தகவல் இல்லை. கடையில் வாங்கியிருந்தால் காசுக்கு நூறு ராண்ட் அதிகமாகப் போயிருக்கும், ஆனால் சண்டை போட ஒரு மேசையும் ஒரு பில்லும் இருந்திருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் வேறொரு குழுவில் வேறொரு நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. இந்தத் தடவை மேப்பிள் லீஃப், 25 காசு, வாட் இல்லை, பொண்ணுக்கு யுனிவர்சிட்டி ஃபீஸ். அதே நீலத் துணி. குழாயின் மூடியைச் சுற்றி டேப்.

சந்தேகம் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் காசை எடுத்துக்கொண்டு வாருங்கள், தராசும் நூலும் வீட்டில் இருக்கின்றன. என்னுடைய மூன்று வெள்ளியையும் மிச்சமிருக்கிற இருபது செம்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.