ஜெப்பவுண்ட் ஊசி: காப்பீட்டோடு பத்து மாதம், கைக்காசில் ஒரு வருடம்

நான் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். வயது 47. 2024 மார்ச்சில் எடை குறைவதற்காக ஜெப்பவுண்ட் ஊசி போட ஆரம்பித்தேன். அன்று என் எடை 194 பவுண்டு, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இன்று 156 பவுண்டு. மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு இந்த எண்களே போதும். ஆனால் போன் செய்கிற தோழிகள் யாரும் அதைக் கேட்பதில்லை. "மாசம் எவ்வளவு ஆகுது? இன்ஷூரன்ஸ் கொடுக்குதா?" இதைத்தான் கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இதே மருந்துக்கு 25 டாலரும் கொடுத்திருக்கிறேன், 650 டாலரும் கொடுத்திருக்கிறேன். 2025 டிசம்பர் கணக்கை முடித்த கையோடு மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஜெப்பவுண்டும் மவுன்ஜாரோவும் ஒரே மருந்துதான். இரண்டிலும் இருப்பது டிர்செபடைட், இரண்டையும் தயாரிப்பது எலை லில்லி. டைப் 2 சர்க்கரை நோய்க்கு என்றால் மவுன்ஜாரோ, எடைக்கு என்றால் 2023 நவம்பரில் அனுமதி பெற்ற ஜெப்பவுண்ட். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பெரும்பாலான காப்பீடுகள் மவுன்ஜாரோவைக் கொடுத்துவிடுகின்றன. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஏ1சி எனக்கு 6.1 தான். 6.5 வந்தால்தான் சர்க்கரை நோய் என்று எழுதுவார்கள். அம்மாவுக்கு ஐம்பது வயதில் சர்க்கரை வந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். நோய் வந்தபிறகு மருந்து கிடைக்கும், வராமல் தடுக்க நினைத்தால் கிடைக்காது என்பது எனக்கு அப்போதும் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை.

2024-இல் எங்கள் அலுவலகக் காப்பீட்டில் எடை மருந்து இருந்தது. ஆனால் ப்ரையர் ஆத்தரைசேஷன் வேண்டும், அதாவது டாக்டர் காரணம் எழுதி அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும். முதல் தடவை மறுத்துவிட்டார்கள். ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சி மூலம் முயன்றதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்பது காரணம். நான் முந்தைய வருடமே ஒரு டயட்டீஷியனிடம் நான்கு முறை போயிருந்தேன். அந்தக் குறிப்புகள் வேறொரு கிளினிக்கில் கிடந்தன. அவற்றை வாங்கி, டாக்டர் பதிந்த எடை, தேதி எல்லாம் சேர்த்து மறுபடி அனுப்பினோம். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. ஆகவே மருந்து ஆரம்பிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள்கூட இப்போதே டாக்டரிடம் எடையைப் பதியச் சொல்லுங்கள். வீட்டில் நடந்த நடை, விட்ட சோறு எதுவும் அந்தக் கோப்பில் சேராது. டாக்டர் எழுதியது மட்டும்தான் சேரும்.

காப்பீட்டுப்படி என் பங்கு 60 டாலர். தயாரிப்பாளர் தரும் தள்ளுபடி அட்டையான சேவிங்ஸ் கார்டைக் காட்டியதும் 25 ஆனது. தனியார் காப்பீடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கார்டு. அரசுக் காப்பீடுகளான மெடிகேர் (முதியோருக்கு), மெடிகெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கு) இருப்பவர்கள் பயன்படுத்த முடியாது. அந்தப் பத்து மாதத்தில் பத்துப் பெட்டி, மொத்தம் 250 டாலர். பணத்தில் கஷ்டம் இல்லை, மருந்து கிடைப்பதில்தான் கஷ்டம். 2024 வசந்த காலத்தில் நாடெங்கும் தட்டுப்பாடு. 5 மில்லிகிராம் கேட்டுப் பதினொரு மருந்துக்கடைகளுக்குப் போன் செய்தேன். கிடைக்காமல் ஆரம்ப டோஸான 2.5-இலேயே ஒரு மாதம் கூடுதலாக ஓட்டினேன். செப்டம்பரில் அனுமதியைப் புதுப்பிக்கும்போது ஐந்து சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும் என்றார்கள். நான் 171-க்கு வந்திருந்தேன், பிரச்சினை இல்லை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோஸ் கூட்டும் வாரம் குமட்டல் வரும், மலச்சிக்கல் நிரந்தரம் மாதிரி. ரசம் சாதமும் மோரும்தான் அந்த நாட்களில் இறங்கும். பூரி, வடை என்று எண்ணெயில் பொரித்தது எதையாவது இரவில் சாப்பிட்டால் விடிய விடிய நெஞ்சைக் கரிக்கும். பருப்பும் முட்டையும் கணக்குப் பார்த்துச் சாப்பிடாவிட்டால் முடி கொட்டுகிறது. இதெல்லாம் சமாளிக்கக் கூடியதாக இருந்தது. எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று சொல்லமாட்டேன். இந்த மருந்து யாருக்குக் கூடாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரி 4, சனிக்கிழமை. வழக்கமான கடையில் வழக்கமான பெட்டியை வாங்கப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆயிரத்துச் சொச்சம் டாலர். ஏதோ தவறு என்று நினைத்து அட்டையை மறுபடி போடச் சொன்னேன். அதே தொகை. எனக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள், கையில் இருமல் மருந்து வைத்திருந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவளாகவே சேவிங்ஸ் கார்டை வேறு விதமாகப் போட்டுப் பார்த்து, "காப்பீடு கொடுக்காதவர்களுக்கான விலை 650" என்றாள். கொடுத்துவிட்டு வந்தேன். காரில் உட்கார்ந்து அந்த ரசீதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆறு வாரம் நான் செய்தது வீண் வேலை. அது ஏன் வீண் என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முந்தைய வருடம் மறுத்தபோது மேல்முறையீடு பலித்ததல்லவா, அதே தைரியத்தில் டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன், மறுத்தார்கள். இரண்டாவது முறையும் அனுப்பினேன். கடைசியில் காப்பீட்டு அலுவலகத்தில் போன் எடுத்த ஒரு பெண்மணி பொறுமையாக விளக்கினார்: உங்களுக்கு மருந்து தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை, இந்த வருட பிளானில் எடை மருந்து என்ற வகையே கிடையாது. இதற்குப் பெயர் எக்ஸ்க்ளூஷன். "உங்களுக்குத் தேவை என்று நிரூபியுங்கள்" என்ற மறுப்பு வேறு, "பிளானிலேயே இல்லை" என்ற மறுப்பு வேறு. முதலாவதற்கு ஆதாரம் கொண்டு போராடலாம். இரண்டாவதற்கு டாக்டர் எத்தனை பக்கம் எழுதினாலும் பயன் இல்லை. நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஆறு வாரத்தையும் டாக்டர் அலுவலகத்தின் பொறுமையையும் செலவழித்தேன்.

சரி, எடை மருந்தைப் பிளானிலிருந்து யார் எடுத்தார்கள்? காப்பீட்டு நிறுவனம் அல்ல, எங்கள் அலுவலகம். பெரிய கம்பெனிகள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே கொடுக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் கணக்குப் பார்க்கிற வேலையைத்தான் செய்கிறது. அட்டையில் அதன் பெயர் இருப்பதால் நாம் அதைத் திட்டுகிறோம். இந்த வகைப் பிளானில் எது உண்டு, எது இல்லை என்பதில் மாநிலக் காப்பீட்டுத் துறையாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அது மத்திய சட்டத்தின் கீழ் வருகிறது. கேட்க வேண்டிய இடம் ஹெச்.ஆர். தான். நானும் இன்னும் ஆறு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். இதுவரை மாறவில்லை. இந்த வருட இறுதியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அந்த மாற்றம் 2024 நவம்பரில், பிளான் தேர்ந்தெடுக்கும் வாரத்தில் வந்த ஆவணத்திலேயே இருந்தது. நான் பிரீமியத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போன வருடப் பிளானையே டிக் செய்திருந்தேன். அதனால் இன்னொன்றும் கைவிட்டுப் போனது. சம்பளத்திலிருந்து வரி இல்லாமல் மருத்துவச் செலவுக்கு எடுத்துவைக்கும் எஃப்.எஸ்.ஏ. கணக்கில் பணம் ஒதுக்குவதையும் அந்த வாரத்தில்தான் சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டோடு வாங்கும் எடை மருந்துக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம், வரி கிடையாது. 2025-க்கு உச்சவரம்பு 3,300 டாலர். எங்கள் வரி விகிதத்துக்கு 975 டாலர்போல மிச்சமாகியிருக்கும்.

டாக்டர் இன்னொரு வழி சொன்னார். குறட்டை உண்டா என்று கேட்டார். உண்டு. உடல் பருமனோடு மிதமான அல்லது கடுமையான தூக்க மூச்சுத்திணறல் இருப்பவர்களுக்கு ஜெப்பவுண்டைக் கொடுக்கலாம் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்திருந்தது. எடை மருந்தை ஒதுக்கிய சில பிளான்களும் இந்தக் காரணத்துக்குக் கொடுக்கின்றன. அப்போது சட்டப்படி எடைக்காக மட்டும் மருந்து கொடுக்க முடியாத மெடிகேரும் இதற்குக் கொடுக்க முடிந்தது. மாமியார், மாமனாருக்காக விசாரிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே விரலில் கருவி மாட்டிக்கொண்டு ஓர் இரவு பரிசோதித்தேன். மணிக்கு ஒன்பது முறை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. பதினைந்து இருந்தால்தான் மிதமானது. அந்தக் கதவும் மூடிக்கொண்டது.

ஜனவரி, பிப்ரவரி இரண்டு பெட்டிக்கும் 650 வீதம் கொடுத்தேன். அப்புறம் வயாலுக்கு மாறினேன். காப்பீடு இல்லாமல் நேரடியாக வாங்குகிறவர்களுக்கு லில்லியின் நேரடி விற்பனைத் தளமான லில்லிடைரக்ட் மூலம் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வந்தது, அதுதான் வயால். 2025 பிப்ரவரி கடைசி வரை 2.5, 5 மில்லிகிராம் மட்டும்தான் அதில் இருந்தது. நான் போட்டுக்கொண்டிருந்தது 7.5. பிப்ரவரி இறுதியில் 7.5, 10 இரண்டும் 499 டாலருக்கு வந்தன. அந்த விலைக்கு ஒரு நிபந்தனை: முந்தைய பெட்டி கைக்கு வந்து 45 நாளுக்குள் அடுத்ததை வாங்க வேண்டும். தவறினால் அப்போது 7.5-க்கு 599. இப்படி வாங்குவதைக் காப்பீட்டில் கேட்கவும் முடியாது, டிடக்டிபிளிலும், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாம் செலவழிக்க வேண்டிய தொகையிலும், சேராது.

மருந்து நிரப்பியே வரும் பேனா வடிவ ஊசிக்குப் பழகியவர்களுக்குக் குப்பி முதலில் பயமாக இருக்கும். எனக்கு இருந்தது. பேனா என்றால் வயிற்றில் வைத்து அழுத்தினால் முடிந்தது. குப்பியில் நாமே எடுக்க வேண்டும். மூடியின் பிளாஸ்டிக்கைக் கழற்றி, ரப்பரை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, ஊசிக்குழலில் அரை மில்லி காற்றை இழுத்து உள்ளே செலுத்தி, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை மெதுவாக இழுக்க வேண்டும். இன்சுலின் ஊசிக்குழலில் 50 என்ற கோடுதான் அரை மில்லி. குமிழி வந்தால் விரலால் தட்டி மேலே ஏற்றித் திருப்பித் தள்ளணும். முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருபது நிமிடம் ஆனது, கை நடுங்கியது. அம்மாவுக்கு இன்சுலின் போட்ட அனுபவம் கைகொடுத்தது. இப்போது பால் பொங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. ஊசிக்குழல் தனியாக வாங்க வேண்டும், அது சில டாலர்தான்.

ஜூலையில் மூன்று வாரம் கும்பகோணம் போயிருந்தேன். இந்த மருந்தை ஃபிரிட்ஜுக்கு வெளியே 21 நாள் வைக்கலாம், ஆனால் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. கும்பகோணத்து ஜூலையில் அது நடக்காது. குளிர்ப்பையில் கொண்டுபோய் அம்மாவின் ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கரண்ட் போனால் யாரும் கதவைத் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். தம்பி திருச்சியிலிருந்து வந்தவன் குப்பியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது இங்கயும் வந்துடுச்சே" என்றான். உண்மைதான். மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்திருந்தது. 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய், மாதத்துக்கு நான்கு, 17,500. என் 499 டாலர் ரூபாயில் நாற்பத்திரண்டாயிரத்தைத் தாண்டும். அங்கேயும் பெரும்பாலும் கைக்காசுதான். மருத்துவமனையில் படுத்தால்தானே பாலிசி பணம் கொடுக்கும்? அங்கிருந்து வாங்கி வரலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். என் டாக்டருக்குத் தெரியாமல் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர் தரும் சீட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் ரத்தப் பரிசோதனை, இவையும் சிகிச்சைதானே. 2024-இல் தட்டுப்பாட்டின்போது சிலர் வாங்கிய, மருந்தகங்களே கலந்து தயாரித்த மலிவான ஊசியையும் இதே காரணத்துக்காக நான் தொடவில்லை.

இப்போது மொத்தக் கணக்கு. ஒரு பெட்டி 28 நாளைக்கு, மாதத்துக்கு அல்ல. ஆக வருடத்துக்குப் பதின்மூன்று. நிறையப் பேர் பன்னிரண்டால் பெருக்கி ஏமாறுகிறார்கள், நானும் அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். 650 வீதம் இரண்டு, 499 வீதம் பத்து, டிசம்பர் 1 முதல் விலை குறைந்ததால் கடைசிப் பெட்டி 449. 2025-இல் மொத்தம் 6,739 டாலர். முந்தைய வருடம் 250.

நிறுத்திவிட்டால் என்ன என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார், நியாயமான கேள்விதான். 36 வாரம் போட்டபிறகு நிறுத்தியவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக எடை 14 சதவீதம் திரும்ப ஏறியது என்று இந்த மருந்தின் ஆய்வு ஒன்று காட்டியது. அதை அவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டோம். சமையலறையை மாற்றும் வேலையைத் தள்ளி வைத்தோம். முதல் மாதத்தின் விலையைப் பார்த்து இதை ஆரம்பிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 2025 டிசம்பர் விலைப்படி 2.5 மில்லிகிராம் 299, ஆனால் அதில் யாரும் நிற்பதில்லை. 5-க்கு 399, அதற்கு மேல் 449. நீங்கள் நிற்கப்போகும் டோஸின் விலையைப் பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள். காப்பீடு இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டு வையுங்கள். 2025 ஜூலையில், பல பிளான்களுக்கு மருந்துப் பட்டியலை நிர்வகிக்கும் சிவிஎஸ் கேர்மார்க் நிறுவனம் தன் பொதுவான மருந்துப் பட்டியலிலிருந்து ஜெப்பவுண்டை எடுத்துவிட்டு, வெகோவி என்ற இன்னொரு எடை மருந்தை வைத்துக்கொண்டது. எந்தப் பட்டியலும் அடுத்த ஜனவரி வரை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

போன மாதம் பிளான் தேர்ந்தெடுக்கும் வாரம் வந்தது. இந்த முறை முழு ஆவணத்தையும் இறக்கி, எக்ஸ்க்ளூஷன் பகுதியைத் தேடிப் படித்தேன். என் பிளானில் இன்னும் அதே வரி. வீட்டுக்காரர் ஆபீஸ் பிளானில் முன் அனுமதியோடு உண்டு, ஆனால் குடும்பத்துக்கே மாறினால் பிரீமியம் கூடுவது மருந்துச் செலவுக்குக் கிட்டத்தட்ட சமமாக வருகிறது, பையனின் டாக்டரும் அதில் இல்லை. மாறவில்லை. எஃப்.எஸ்.ஏ.வில் 2026-க்கு முழு 3,400 டாலரையும் போட்டுவிட்டேன். டிசம்பர் 6-இல் வந்த பெட்டியில் இன்னும் ஒரு குப்பி மீதம். ஜனவரி 3-க்கு அடுத்தது வர வேண்டும்.