ஒன்றரை வருஷ ‘ஆமா, அப்புறம்’

“உங்க ஆபீஸ்ல மீட்டிங்குக்கு முன்னாடி ஏதோ விளையாடுவீங்களாமே, பிரயோஜனம் உண்டா? இங்க ஒருத்தர் அதைச் சொல்லித்தர அரை நாளுக்கு எக்கச்சக்கமா கேக்கறார்” என்று நேற்று தோழி ஒருத்தி கேட்டாள்.

எங்களுடையது கோவையில் எட்டுப் பேர் இருக்கும் டிசைன் ஆபீஸ். ஒன்றரை வருஷமாக, செவ்வாய்தோறும் ஐடியா மீட்டிங்குக்கு முன் பத்து நிமிஷம் இம்ப்ரோவ், அதாவது முன்தயாரிப்பு இல்லாமல் அப்போதைக்கப்போது இட்டுக்கட்டி ஆடும் நாடக விளையாட்டு. கைதட்டி ஆள் மாற்றும் ‘ஜிப் ஜேப் ஜாப்’ இரண்டே வாரம்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூரியர் தம்பி நின்று பார்த்த பார்வை போதும்.

நிலைத்தது ஆளுக்கொரு வார்த்தைக் கதை. சிகாகோவில் நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் 1963இல் இந்த மாதிரி விளையாட்டுகளைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். ஆனால் தமிழில் ஆடினால்தான் இதன் ருசி. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறதே, அதுவரை கதை யார் கையிலும் இல்லை.

டேபிள்டாப் கிரைண்டர் ஒன்றுக்குக் கையேடு செய்துகொண்டிருந்தோம். அன்றைய கதை: ‘பாட்டி – கிரைண்டரோட – வந்தா – டவுன்பஸ்ல –’. ‘வந்தா’ சொன்ன பையன் நினைத்தது ‘வந்தாள்’. மீட்டிங்கில் வாயே திறக்காத எங்கள் அக்கவுன்ட்ஸ் அக்கா அதை ‘வந்தால்’ ஆக்கி, ‘ஏத்தமாட்டேங்கறான்’ என்றார். ஒரே சொல்லில் கண்டக்டர் வந்து இறங்கிவிட்டார்! கல், மோட்டார் என்றே எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு அப்போதுதான் எடை உறைத்தது. தூக்காமல் கழுவுவது எப்படி என்பதே கையேட்டின் முதல் பக்கமானது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். இம்ப்ரோவ் விதிப்படி, அடுத்தவர் சொன்னதை வெட்டாமல் ‘ஆமா, அப்புறம்...’ என்று வளர்க்க வேண்டும். ‘ஆனா’ என்றால் உண்டியலில் ஐந்து ரூபாய். யோசிக்கும்போது குறை சொல்லாதே என்று அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1953லேயே எழுதிவைத்ததுதான். எங்கள் மேனேஜர் சொல்வார்: “ஆமா, அப்புறம் இதுக்கு யாரு காசு தருவா?” “ஆமா, அப்புறம் போன வருஷமும் இதையேதான சொன்னீங்க?” பாட்டி கதைக்கு ‘ம்’ கொட்டினால் கதை வளரும். இவர் கொட்டினால் படுத்துவிடும்.

பழி முழுக்க அவர்மேல் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் முறைக்குக் காத்திருப்பதிலேயே ஐடியாக்கள் செத்துவிடுகின்றன. டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1987இல் சோதித்தே காட்டினார்கள். அதனால் இப்போது ஆட்டம் முடிந்ததும் ஏழு நிமிஷம் பேசாமல் தாளில் எழுதுகிறோம். தாள் நிரம்புகிறது. அது ஆட்டத்தின் புண்ணியமா, அந்த ஏழு நிமிஷ அமைதியின் புண்ணியமா? எனக்கென்னவோ அமைதிதான் என்று படுகிறது. ஆனால் அக்காவை வாய் திறக்கவைத்தது ஆட்டம்தான்.

இத்தனையும் இருந்தும் தோழிக்கு ‘வேண்டாம், காசை வீணாக்காதே’ என்றே அனுப்பினேன். நேற்று நான் ஒரு யோசனையைப் பாதி சொல்லியிருக்கும்போது, “ஆமா, அப்புறம் டீ வந்துடுச்சு” என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

உண்டியலில் 340 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதில் 120 என்னுடையது. அவருடையது ஒரு பைசா இல்லை.